நாலாம் நாள் தோடி

அன்புள்ள ஐயா,

எனக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். வயது 41. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். கர்நாடக சங்கீதமும் பழைய சினிமாப் பாட்டும் எனக்கு உயிர். ஐந்து வருடத்தில் ரெக்கார்ட் பிளேயர், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் என்று இரண்டு லட்சத்துக்கு மேல் செலவு செய்துவிட்டேன். இசைத்தட்டுகள் தனி. கடன் வாங்கியதில்லை, வீட்டுச் செலவில் குறை வைத்ததும் இல்லை. ஆனாலும் எல்லோரும் என்னைக் கிறுக்கன் என்கிறார்கள். போனிலேயே எல்லாப் பாட்டும் சும்மா கிடைக்கும்போது இது எதற்கு என்று கேட்கிறார்கள். மனைவி பணத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. "நீங்க பாட்டு கேக்கச்சில வீட்டுல ஆளே இல்லாத மாதிரி இருக்கு" என்று மட்டும் ஒருநாள் சொன்னாள். அடுத்து ஆம்ப்ளிஃபையரை மாற்றலாம் என்றிருக்கிறேன். ஒரு ரசிகன் இசைக்காக எவ்வளவு வரை செலவழிக்கலாம்?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

முதலில் பணம். கடன் இல்லை, வீட்டுக்குக் குறையில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் உங்களைக் கிறுக்கன் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நம்மூரில் கல்யாண வீட்டுப் பந்தலுக்கும் பூ அலங்காரத்துக்கும் லட்சக்கணக்கில் கொடுப்பார்கள். நாதஸ்வரக்காரரிடம் மட்டும் ஐந்நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுவார்கள். அவர்களைவிட நீங்கள் எவ்வளவோ மேல். ஆம்ப்ளிஃபையரை இப்போது மாற்ற வேண்டாம். கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர் என்று உங்கள் அறை இருந்தால் எந்தக் கருவியும் எதிரொலிக்கத்தான் செய்யும். கனமான திரைச்சீலையும் ஒரு ஜமுக்காளமும் போட்டுப் பாருங்கள். இசைத்தட்டுகளை நிமிர்த்தி அடுக்கி வையுங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது, பூசணம் சும்மா விடாது. எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ரப்பர் ஒட்டுப்பால் விற்ற காசை அம்மாவிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போய், பாட்டுகளைத் தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்து, அறுபது நிமிட கேசட்டில் பதிவு செய்து வாங்கிய காலம் ஒன்று உண்டு. அப்படி வாங்கிய கேசட்டின் சிறு ஜன்னலுக்குள் சுருளின் விளிம்பில் வெள்ளையாகப் பொடி படர்ந்திருக்கும். பென்சிலைப் பல்சக்கரத்தில் கொடுத்து நாடாவை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, பஞ்சால் ஒற்றி எடுத்திருக்கிறேன். ஒரு கேசட்டுக்கு ஒரு மத்தியானம் போகும். அந்த மத்தியானங்களில் ஒன்றைக்கூட நான் வீண் என்று நினைத்ததில்லை.

பணத்தைப் பற்றி இவ்வளவு போதும். நீங்கள் எழுதியதில் பெரும்பகுதி பணம். உங்கள் மனைவி சொன்னது ஒரே ஒரு வரி. நான் பதில் எழுத உட்கார்ந்தது அந்த வரிக்காக.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபக் கச்சேரிகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1956-ல் தமிழகத்தோடு சேரும் வரை நம் மாவட்டம் திருவிதாங்கூர்ப் பக்கம்தானே. அரசியல் எல்லை மாறியும் சங்கீதத்தின் வழி மாறவில்லை. இன்றும் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் நவராத்திரிக்கு அங்கே எழுந்தருளுகிறார்கள். ஒன்பது நாளும் திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாளின் ஒன்பது கீர்த்தனைகள், நாளுக்கொன்று. முதல் நாள் சங்கராபரண ராகம், பிறகு கல்யாணி, சாவேரி. நாலாம் நாள் தோடி. டிக்கெட் கிடையாது. சட்டையைக் கழற்றிவிட்டு வேட்டியோடு உட்கார வேண்டும், கைதட்டக் கூடாது. தோடியைக் கேட்டுவிட்டுக் கைதட்டாமல் எழுந்து வருவது எப்படியிருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அது நெஞ்சுக்குள்ளேயே கிடக்கும், வெளியே போக வழியிருக்காது.

அன்று எனக்கும் அப்படித்தான் கிடந்தது. எட்டரைக்குக் கச்சேரி முடிந்தது. நேராகத் தம்பானூர் பஸ் நிலையம் வந்து பஸ் பிடித்திருந்தால் பதினொன்றரைக்குள் வீடு. நானோ நண்பர்களோடு ஒரு டீக்கடை வாசலில் நின்று, காந்தார ஸ்வரத்தைப் பாடகர் எப்படி அசைத்தார் என்று பேசிக்கொண்டே இருந்தேன். ஒரு பஸ் போனது. அடுத்ததும் போனது. நாகர்கோவிலில் இறங்கி வீட்டுக்கு நடந்தபோது மணி இரண்டு. கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் எழுந்து வந்து, மகளுக்குக் காய்ச்சல் கூடி வலிப்பு வந்துவிட்டது, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள் என்றார். ஓடினேன். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். ஆபத்து ஒன்றும் இல்லை. மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சேலையின் தோள்பக்கம் முழுக்க குழந்தைக்கு ஒற்றிய தண்ணீரின் ஈரம். என்னைப் பார்த்து, "வந்தியளா" என்றாள். வேறு ஒரு வார்த்தை இல்லை. கோபத்தில் கேட்டதும் இல்லை. அதுதான் என்னை இன்றுவரை விடவில்லை.

எஸ்., அன்று பஸ் செலவும் டீச் செலவும் சேர்த்து எனக்கு ஐம்பது ரூபாய்கூட ஆகியிருக்காது. அந்தத் தோடிக்கு உண்மையான விலை கொடுத்தது அவள். அந்த ஒரு ராத்திரியோடும் அது முடியவில்லை. நான் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்த ஆயிரம் சாயங்காலங்களில் அடுக்களையில் தனியாகப் பேசாமல் இருந்தது அவள்தான். அந்த மண்டபத்தில் 2006 வரை ஒரு பெண்கூடப் பாடியதில்லை. அந்த வருடம் பாறசாலை பொன்னம்மாள் பாடினார். களியக்காவிளை தாண்டினால் பாறசாலை, நம் வீட்டு வாசல் மாதிரி. அந்தச் செய்தியைப் படித்த அன்றுதான், இத்தனை வருடம் போய் வந்தும் அப்படி ஒரு குறை அங்கே இருந்ததை நான் கவனிக்கவே இல்லை என்பது உறைத்தது. சுருதி விலகினால் ஒரு நொடியில் பிடிக்கிற காது இது.

என் சின்ன வயதில் திண்ணையில் ஒரே ஒரு ரேடியோ. திருவனந்தபுரமோ திருநெல்வேலியோ எது எடுத்தாலும் வீடு முழுக்கக் கேட்கும். அப்பா கேட்கிற ஆலாபனைக்கு நடுவில் அம்மா அரிசி களைவாள், பாட்டி வெற்றிலை இடிப்பாள், யாராவது எட்டிப் பார்த்து ஒரு சங்கதியைக் கேட்டுவிட்டுப் போவார்கள். அதில் சுத்தமான ஒலி கிடையாது. ஆனால் கேட்கிறவன் வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை. ஹெட்ஃபோனில் எல்லா நுணுக்கமும் கிடைக்கும். அதை மாட்டிக்கொண்டவன் மட்டும் வீட்டில் இருக்க மாட்டான். உங்கள் மனைவி சொன்னதும் இதைத்தான்.

ஹெட்ஃபோனுக்கு இன்னொரு விலையும் உண்டு. அதையும் நான் கொடுத்துவிட்டேன். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் வைத்தால் 4 மணி நேரம்தான். உட்செவியில் ஒலியை வாங்குகிற நுண்ணிய முடிச் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது. முதலில் போவது மேல் ஸ்தாயி ஒலிகள். அதனால் பேச்சு நன்றாகவே கேட்கும், ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம். எனக்குத் தெரியவந்தது தம்புராவில். தந்திக்கும் அதைத் தாங்குகிற குதிரைக்கும் நடுவே ஜீவாளி என்று ஒரு சிறு நூலைச் செருகுவார்கள். அந்த நூல்தான் தந்தியின் நாதத்தை விரித்து, மேலே மேலே மெல்லிய ஒலிகளாகப் பிரித்துக் காட்டும். ஒருநாள் ஒரு பழைய பதிவைக் கேட்கும்போது தம்புரா மரப்பலகையைத் தட்டுவது போலிருந்தது. பதிவு கெட்டுவிட்டது என்று எண்ணி வேறு பதிவைப் போட்டேன். அதிலும் அப்படியே. மூன்றாவதிலும். டாக்டரிடம் போய்ச் சோதித்துப் பார்த்தால், குறை காதில்.

புது ஆம்ப்ளிஃபையர் வாங்கும் முன் நீங்களும் காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கிற ஆடியோகிராம் சோதனை ஒன்றை எடுத்துவிடுங்கள். ஸ்பீக்கர்தான் இருக்கிறதே, அதை அறைக்குள்ளிருந்து முன்னறைக்குக் கொண்டு வாருங்கள். எதைப் போட வேண்டும் என்று சில நாள் உங்கள் மனைவியைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சினிமாப் பாட்டு கேட்டால் முகத்தைச் சுளிக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான். சாயங்காலம் நீலகண்ட சிவன் கீர்த்தனை ஏதாவது போடுவேன். வடிவீஸ்வரத்தில் பிறந்தவர், அவர் பாட்டு நம்மூர்ச் சொத்து. என் மனைவி எதிரே உட்கார்ந்து பயறு உரிப்பாள். பாடுகிறவர் தொடங்கும் முன் நான் கேட்பேன், "தம்புரா கேக்கா?"

"கேக்கு. வண்டு இரையுத மாதிரி" என்பாள்.

அவள் சொன்ன பிறகு எனக்கும் கேட்பது போலிருக்கும்.

அன்புடன்.