தண்டையார்பேட்டையிலிருந்து கென்யாவுக்கு மூன்று மாத யானை ஆய்வு: எப்படித் தயாராவது?

முதலில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அதற்குக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வரை போக வேண்டியதில்லை. உங்களுக்குப் பக்கத்திலேயே துறைமுகச் சுகாதார அலுவலகம் இருக்கிறது. எந்தெந்த நாளில் போடுகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட வேண்டும். சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் இங்கே 6 நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். முட்டை ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் மலேரியா. 'வடசென்னைக்காரன் பார்க்காத கொசுவா?' என்ற தெனாவட்டு வேண்டாம். இங்கே அதிகம் வருவது வைவாக்ஸ் வகை மலேரியா. அங்கே ஃபால்சிபாரம் வகை, மூளை வரை போகும். மருத்துவர் மலேரியா தடுப்பு மாத்திரையாக டாக்சிசைக்ளின் எழுதிக் கொடுத்தால், ஊர் திரும்பிய பிறகும் 4 வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். வீட்டுச் சோறு கண்டதும் மாத்திரை மறந்துபோகும், ஜாக்கிரதை.

புது பூட்ஸை இப்போதே போட்டுப் பழகுங்கள். விடியற்காலையில் எண்ணூர் கழிமுகம் பக்கம் பைனாகுலரோடு போய், கொக்கு, நாரை எது கண்ணில் பட்டாலும் நேரம், எண்ணிக்கை, என்ன செய்தது என்று அங்கேயே நோட்டில் எழுதுங்கள். யானை பெரிசு, அவ்வளவுதான் வித்தியாசம். எழுதும் பழக்கம் ஒன்றுதான்.

துணிமணியை பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துப் போகாதீர்கள். கென்யா 2017லேயே அதைத் தடை செய்துவிட்டது. துணிப்பை போதும்.