காப்பியும் ஆகவில்லை, டெலீட்டும் ஆகவில்லை: ஹார்ட் டிஸ்கில் ‘டேட்டா எரர்’ வந்தால் என்ன செய்வது?

‘சைக்ளிக் ரிடன்டன்சி செக்’ என்ற எரர் வந்தால், டிஸ்கிலிருந்து படித்த தகவல் சரிபார்ப்பில் தேறவில்லை என்று அர்த்தம். வெளி டிஸ்க் என்றால் முதலில் கேபிளையும் யூஎஸ்பி போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். தளர்ந்த கேபிளும் இதே எரரைக் காட்டும்.

அடுத்து, டிஸ்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற புரோகிராமில் ‘கரன்ட் பெண்டிங் செக்டர்’ வரியின் ‘ரா வேல்யூ’ எண்ணைப் பாருங்கள். பூஜ்ஜியத்துக்கு மேல் இருந்தால், டிஸ்கால் படிக்க முடியாத செக்டர்கள் (தகவல் பதியும் சிறு பகுதிகள்) இருக்கின்றன.

எடுத்த எடுப்பில், விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கட்டளையான ‘செக்டிஸ்க் /ஆர்’ (chkdsk /r) போடச் சொல்பவர்கள் ஏராளம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது டிஸ்க் முழுவதையும் படிக்கும். சாகக் கிடக்கும் டிஸ்க் அதிலேயே போய்விடலாம். முதலில் முக்கியமான ஃபைல்களைச் சிறு சிறு ஃபோல்டராக வேறு டிஸ்குக்கு மாற்றுங்கள். அடம்பிடிப்பவற்றுக்கு லினக்ஸில் டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மீட்புக் கருவி இருக்கிறது: கெட்ட இடங்களைத் தாண்டி நல்லதை முதலில் எடுத்துவிட்டு, மிச்சத்துக்குத் திரும்பி வரும்.

டெலீட் ஆகாததற்குக் காரணம் பெரும்பாலும் வேறு. அழிக்கும்போது விண்டோஸ் ஃபைலின் உள்ளடக்கத்தைப் படிப்பதே இல்லை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் அட்டவணையின் பதிவைத்தான் மாற்றுகிறது. எனவே, ஃபைல் வேறு புரோகிராமில் திறந்திருக்கவில்லை, அனுமதிச் சிக்கலும் இல்லை என்றால், அட்டவணை மேல்தான் சந்தேகம். காப்பி எடுத்தபின், அட்டவணைப் பிழைகளைத் திருத்தும் ‘செக்டிஸ்க் /எஃப்’ (chkdsk /f) போட்டால் பெரும்பாலும் சரியாகும். பெண்டிங் எண்ணிக்கை அதற்குப் பிறகும் ஏறினால் டிஸ்கை மாற்றிவிடுங்கள்.