மழையே இல்ல, ஆனா ஆட்டுக் கொட்டகைத் தகரத்துல தண்ணி சொட்டுது, என்ன பண்றது?

கேள்வி: தாளவாடி பக்கமுங்க. 20க்கு 40 அடி பரண் கொட்டகை, மேல ஜிஐ தகரம், 45 ஆடு. மார்கழி பொறந்ததுல இருந்து விடியக்காலத்துல தகரம் சொட்டுது. குளிருக்கு சுத்தியும் தார்ப்பாய் கட்டிருக்கேன். குட்டிங்க செருமுது, ரெண்டு செத்தே போச்சு. தகரத்த மாத்தணுமா அண்ணா?

பதில்: குட்டி போச்சுன்னு படிச்சதும் மனசே சரியில்ல தம்பி. தகரத்த மாத்தாதீங்க, அது ஓட்டையா இருக்காது. சோத்துப் பானை மூடியத் தூக்குனா உள்பக்கம் முத்து முத்தா தண்ணி நிக்கும்ல, அதேதான் உங்க கொட்டகைலயும் நடக்குது. ஆடுங்க மூச்சு விடுது, ஒவ்வொண்ணும் ஒரு நாளைக்கு அரை லிட்டராச்சும் மூத்திரம் பேயுது, அந்த ஈரமெல்லாம் சூட்டோட மேல ஏறிப் போனா அங்க தகரம் சில்லுனு கெடக்கு, போக வழியில்லாம அதுலயே ஒட்டி தண்ணியாயிருது. மேகம் இல்லாம வெள்ளி தெரியுற ராத்திரியில தகரம் இன்னும் குளுந்து போயிரும், அன்னைக்குத்தான் சொட்டும் ஜாஸ்தி, பாத்துருப்பீங்க.

நாளைக்கு வெடியால தார்ப்பாய் தூக்குறதுக்கு முன்னாடி உள்ள போய் ஆட்டு உசரத்துக்குக் குத்தவெச்சு ஒரு நிமிசம் இருங்க, கண்ணு எரிஞ்சா அதுதான் அம்மோனியா, மூத்திரத்துல இருந்து கெளம்புற வாயு. அப்பறம் கொஞ்சம் சாம்பிராணி போட்டுப் பாருங்க, புகை கூரை உச்சில மோட்டுக்கிட்ட போய் அப்படியே தேங்கி நின்னா, காத்து வெளிய போக வழியில்லன்னு உங்களுக்கே வெளங்கிரும்.

ஆட்டுக்குக் குளிரு எமன் இல்ல தம்பி, ஈரமும் அந்த அம்மோனியாக் காத்தும்தான் எமன். பெரிய ஆட்டுக்கு வயித்துல தீனி செரிக்கிற சூடே போதும், ஆனா மேல சொட்டி மயிரு நனைஞ்சா அந்த சூடு நிக்காது, அம்மோனியா மூச்சுக்குழாய அரிச்சு வெச்சுரும், அதுக்கப்பறம் நிமோனியா வர்றதுக்கு ரொம்ப நாள் ஆகாது.

மொதல்ல மோட்டுத் தகரத்தக் கழட்டுங்க. கணக்கு ரொம்ப ஈசி, கொட்டகை அகலம் 10 அடிக்கு 2 இஞ்ச், உங்களுது 20 அடி, அதனால மோட்டுல நீளம் முழுக்க 4 இஞ்ச் சந்து விட்டு, மோட்டுத் தகரத்த அதுக்கு மேல பட்டை இரும்பு வெச்சுத் தூக்கி மாட்டுங்க, ரெண்டு பக்கமும் ஒரு அடி எறங்குற மாதிரி இருந்தா சாரல் அவ்வளவா வராது. மேல மட்டும் திறந்தா பத்தாது, கீழ இருந்து காத்து வந்தாத்தான் மேல தள்ளும், அதுக்கு எறவாணத்துல ரெண்டு பக்கமும் 2 இஞ்சாச்சும் சந்து வேணும், கோழிவலை அடிச்சுக்கலாம். தார்ப்பாய மேல இருந்து தொங்க விடாதீங்க, பரண்ல இருந்து நாலடி வரைக்கும் கட்டுங்க, அதுக்கு மேல திறந்தே இருக்கட்டும், அப்பத்தான் ஆட்டு மேல காத்து அடிக்காம தலைக்கு மேலயே போகும். சின்னக் குட்டிகளுக்கு மட்டும் மூணு பக்கம் அடைச்ச பெட்டி வெச்சு காஞ்ச வைக்கோல் போட்டு விடுங்க.

கூரை மேல மாட்டுற, காத்துல சுத்துற டர்பைன் ஃபேன் வாங்கலாமான்னு நெறைய பேரு கேக்குறாங்க, காத்தே அசையாத விடியக்காலத்துல அது சரியா சுத்தாது, அந்தக் காச மோட்டுல போடுங்கன்னுதான் நான் சொல்லுவேன். கைல இன்னும் காசிருந்தா தகரத்து மேல தென்னங்கீத்து பரப்பிக் கட்டுங்க, ராத்திரி தகரம் அவ்வளவு குளுராது, சித்திரை வெயிலுக்கும் ஆகும்.

பரணுக்கு அடில புழுக்கையை வாரம் ஒருக்கா அள்ளிருங்க. ஈரமா கெடக்குறப்ப மேல சுண்ணாம்பு தூவாதீங்க, நல்லதுன்னு நெனச்சு செய்வாங்க, ஆனா அது அம்மோனியாவ இன்னும் கெளப்பி விட்டுரும்.

கடலைக்கொடி மச்சுல அடுக்கி வெச்சிருந்தா ஒடனே எறக்கிப் பாருங்க. சொட்டி நனைஞ்சு பூஞ்சை புடிச்சிருந்தா சும்மா வெயில்ல காயப்போட்டுக் குடுத்தறாதீங்க, பூஞ்சை விடுற அஃப்ளடாக்சின்ங்கிற விஷம் வெயிலுக்குப் போகாது, ஈரலக் கெடுத்துரும், குப்பைக்குழிக்கே போகட்டும்.

செருமுற குட்டிகளத் தனியாப் பிரிச்சு ஜுரம் பாருங்க, 104 டிகிரிக்கு மேல இருந்தா அன்னைக்கே கால்நடை டாக்டர்கிட்ட கொண்டு போயிருங்க, மருந்துக்கடைல கேட்டு நீங்களே ஊசி போட வேண்டாம். மோட்டு வேலை முடியுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இன்னைக்கு ராத்திரியே தார்ப்பாயோட மேல்பக்கத்த அவுத்து விட்டுருங்க தம்பி.