தந்தி அறுந்த இடம்

கேள்வி: இண்டி ராக், அதாவது பெரிய இசை நிறுவனங்களைச் சாராத குழுக்களின் ராக் இசை, பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். யூடியூபில் எல்லாக் கச்சேரியும் கிடைக்கிறது, நல்ல ஹெட்போனும் இருக்கிறது. சின்ன அரங்கில் இரண்டு மணி நேரம் கால் கடுக்க நின்று கேட்பதில் அப்படி என்ன இருக்கிறது? அது போகட்டும், இப்போது உங்களுக்குப் பிடித்த குழுக்கள் எவை?

பதில்: நீங்கள் ‘போகட்டும்’ என்று தாண்டிப் போன கேள்விதான் முக்கியமானது. அதற்கே முதலில் பதில்.

ஒருமுறை முன்வரிசையில் நின்றிருந்தேன். முக்கியக் குழுவுக்கு முன்னால் வாசிக்க வந்த மூன்று பேர் யாரென்றே எனக்குத் தெரியாது. இரண்டாவது பாட்டின் நடுவில் கிட்டார் தந்தி அறுந்தது. மாற்றுக் கிட்டார் கிடையாது. அவர் தரையில் குந்தி, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு புதுத் தந்தியைக் கோத்து முறுக்கினார். அதுவரை டிரம்மரும் பேஸ் கிட்டார் வாசித்த பெண்ணும் அதே நான்கு சுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். முதலில் வெறும் சமாளிப்புதான். அப்புறம் அந்தப் பெண் கடைசிச் சுரத்தை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போட ஆரம்பித்தார். டிரம்மர் நிமிர்ந்து பார்த்தார், அவரும் அதோடு சேர்ந்துகொண்டார். தந்தி கட்டி முடித்தவர் உடனே வாசிக்கவில்லை, எழுந்து நின்று அவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வீட்டில் அந்தப் பாட்டின் பதிவைக் கேட்டேன். நல்ல பதிவு. ஆனால் அந்த இடம் அதில் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். பிளாக் கன்ட்ரி, நியூ ரோடு என்று ஓர் ஆங்கிலேயக் குழு. 2022 பிப்ரவரியில் இரண்டாவது ஆல்பம் வெளிவர நான்கே நாள் இருக்கும்போது பாடகர் ஐசக் வுட் விலகுவதாக அறிவித்தார். மீதி ஆறு பேர், அவர் பாடிய பாட்டுகளை இனி மேடையில் வாசிப்பதில்லை என்று முடிவுசெய்தார்கள். கையில் புது ஆல்பம் இருந்தும் அதைத் தொடாமல், வேறு பாட்டுகளை எழுதிக்கொண்டு மேடை ஏறினார்கள். அவை 2023-இல் லண்டன் புஷ் ஹால் கச்சேரிப் பதிவாக வந்தன. ஆல்பத்தில் வராத பாட்டுகளை, அவை இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும்போதே கேட்டவர்கள் அந்தக் கூட்டத்தினர்தான். ஹெட்போன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முடிந்துபோன பாட்டைத்தான் உங்களுக்குத் தரும்.

பணமும் ஒரு காரணம். ஸ்ட்ரீமிங்கில் ஒரு பாட்டைக் கேட்டால் கலைஞருக்குப் போவது ஒரு சென்ட்டுக்கும் குறைவு. சிறிய குழுக்களுக்கு டிக்கெட்டும், வாசல் மேஜையில் விற்கும் டி-ஷர்ட்டும்தான் அடுத்த ஊருக்குப் போகும் வண்டிக்கு டீசல். கூடவே ஒன்று: சின்ன அரங்கில் சத்தம் அதிகம், காதில் அடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும் திறன் போனால் திரும்பாது.

சரி, குழுக்கள். இப்போது விடாமல் கேட்பது வெட்னஸ்டே, அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து. அமெரிக்கக் ‘கன்ட்ரி’ பாட்டுக்குரிய ஸ்டீல் கிட்டார் ஒரு பக்கம் அழுகிறது, மறுபக்கம் கிட்டார் இரைச்சல் அதை மூடுகிறது. 2023-இல் வந்த ‘ராட் சா காட்’ ஆல்பத்தில் ‘புல் பிலீவர்’ எட்டு நிமிடத்துக்கு மேல் போகும். கடைசியில் பாடகி கார்லி ஹார்ட்ஸ்மன் பாடுவதை விட்டுவிட்டு அலறுகிறார். அந்த அலறலை மனசிலிருந்து இறக்கிவைக்க எனக்குச் சில நாளானது. பிக் தீஃப் குழுவையும் கேளுங்கள், ஏட்ரியன் லென்கரின் குரலுக்காக. அப்புறம் யோ லா டெங்கோ. 1984-இல் தொடங்கியவர்கள், 2023-இல் ‘திஸ் ஸ்டுப்பிட் வேர்ல்ட்’ போட்டார்கள். மூன்றே பேர், கிசுகிசுப்பிலிருந்து பேரிரைச்சல் வரை போகிறார்கள். ‘இப்போது பிடித்தவை’ பட்டியலில் இவ்வளவு பழையவர்களா என்று கேட்காதீர்கள், இப்போதும் பிடிக்கிறது.

அடுத்த கடிதத்தில் நீங்கள் நேரில் கேட்ட ஒரு குழுவின் பெயரை எழுதுங்கள். முக்கியக் குழுவுக்கு முன்னால் வாசித்தவர்களாக இருந்தால் இன்னும் நல்லது.