சுற்றியுள்ள குழந்தைகள் தடுப்பூசி போட்டிருந்தால் என் மகளுக்குத் தேவையா?

கேள்வி: என் மகளுக்கு ஒரு வயது முடிந்துவிட்டது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் தடுப்பூசி போட்டவர்கள். பிறகு நோய் யாரிடமிருந்து வரப்போகிறது? ஊசியும் காய்ச்சலும் இவளுக்கு எதற்கு?

பதில்: உங்கள் கணக்கு பாதி சரி. சுற்றியிருப்பவர்களில் பெரும்பாலோருக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால், கிருமி அடுத்த ஆள் கிடைக்காமல் அங்கேயே அடங்கிவிடும். எத்தனை பேருக்கு இருக்க வேண்டும் என்பது நோய்க்கு நோய் மாறும். போலியோவுக்கு நூற்றுக்குச் சுமார் 80 பேர். தட்டம்மைக்கோ 95 பேர். எதிர்ப்பே இல்லாத இடத்தில் ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்பிவிடுவார். அவர் போன பிறகும் 2 மணி நேரம் வரை அந்த அறைக் காற்றில் வைரஸ் இருக்கும். உடம்பில் தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பே தொற்று ஆரம்பித்துவிடுவதால், 'யாருக்காவது வந்தால் தள்ளியிருந்துகொள்ளலாம்' என்பது நடக்காது.

சரி, மிச்சமுள்ள 5 பேரில் உங்கள் மகள் ஒருத்தியாக இருக்கலாமே? அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது: ஊசி போடும் வயது வராத கைக்குழந்தை, கீமோ சிகிச்சையில் இருக்கும் சிறுவன், 2 தவணை போட்டும் பலன் கிடைக்காத நூற்றுக்கு 3 பேர்.

இன்னொன்று, போடாதவர்கள் ஊர் முழுக்கச் சிதறி இருப்பதில்லை. ஒரே எண்ணம் உள்ள பெற்றோரின் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே பள்ளியில்தான் படிப்பார்கள். மாவட்டச் சராசரி அழகாக இருக்கும், ஒரு வகுப்பு மட்டும் ஓட்டையாக இருக்கும். பசிபிக் தீவு நாடான சமோவாவில் 2018-ல் ஊசி மருந்தைத் தவறாகக் கலந்ததால் 2 குழந்தைகள் இறந்தார்கள். அந்தப் பயத்தில் பலர் ஊசி போடாமல் விட்டார்கள். 2019-ல் தட்டம்மை நுழைந்து 83 பேரைக் கொன்றது. பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்டவர்கள்.

அப்புறம், டெட்டனஸ் மண்ணிலிருந்து காயம் வழியாக வருவது. அதில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஊசி உங்கள் மகளுக்குத் துளியும் உதவாது.

காய்ச்சல் பற்றி: தட்டம்மை ஊசிக்குப் பின் ஒரு வாரம், பத்து நாளில் சில குழந்தைகளுக்குக் காய்ச்சலும் லேசான தடிப்பும் வரும், ஓரிரு நாளில் போய்விடும். சாதாரணச் சளிக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். முந்தைய தவணையில் கடும் ஒவ்வாமை வந்திருந்தாலோ, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுத்தாலோ முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். தவணை ஏதாவது விட்டுப்போயிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்தே போடலாம். தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.