பயணக் கேள்வி பதில்: ஒரு கல்லறைக்காக ஹாரிஸ் வரைக்கும்

கேள்வி: ஜூன் மாதம் கிளாஸ்கோவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறேன். பழைய தேவாலயங்கள் என்றால் எனக்கு உயிர். ஸ்காட்லாந்தின் ஹாரிஸ் தீவில், ராடல் என்ற ஊரில் செயின்ட் கிளமென்ட் தேவாலயம் இருக்கிறதாமே? "அவ்வளவு தூரம் போனால் வெறும் காலி மண்டபம்தாம்மா, எடின்பரோவே போதும்" என்கிறான் மகன். போகலாமா, வேண்டாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: மகன் சொல்வது பாதி சரி. காலி மண்டபம்தான். வழக்கமான வழிபாடு கிடையாது. மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபிக்கலாம் என்று போனால் ஏமாந்துதான் திரும்புவீர்கள். ஆனாலும் போங்கள். உள்ளே தெற்குச் சுவரைக் குடைந்து வைத்திருக்கும் ஒரு கல்லறைக்காகவே போகலாம்.

அலஸ்டர் குரோட்டாக் என்பவர் மெக்லவுட் குலத்தின் எட்டாம் தலைவர். சண்டையில் முதுகில் பட்ட காயத்தால் கூன் விழுந்தவர். இந்தக் கோயிலைக் கட்டியவரும் அவர்தான். அவருக்கு முந்தைய தலைவர்களை ஐயோனா தீவுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்வது வழக்கம். இவர் மட்டும் தன் மண்ணிலேயே இடம் பார்த்துக்கொண்டார். அதிலும் அவசரக்காரர். கல்லறையில் வெட்டியிருக்கும் ஆண்டு 1528. ஆள் போய்ச் சேர்ந்ததோ 1540-களில்! தன் கல்லறையைத் தானே அத்தனை வருஷம் பார்த்துக்கொண்டு பூசைக்கு வந்திருப்பார் போல.

கவசமும் வாளுமாகக் கறுத்த கல்லில் படுத்திருக்கும் அவரை எல்லாரும் படம் எடுப்பார்கள். எடுத்துவிட்டு, மழை விட்டதா என்று பார்த்துக்கொண்டே வண்டிக்குப் போய்விடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அவருக்குப் பின்னால் இருக்கும் சிற்பப் பலகைகளைப் பாருங்கள். சிறிய டார்ச் ஒன்று எடுத்துப் போங்கள். வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், தேய்ந்த கோடுகள்கூட எழுந்து வரும். நடுவில் மாதாவும் குழந்தையும், இரு பக்கமும் பிஷப்புகள். இன்னொரு பலகையில் கோட்டை. இன்னொன்றில் நாய்களைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேட்டைக்காரர்கள், எதிரே மான்கள். ஒன்றில் மிக்கேல் சம்மனசு என்ற தேவதூதரும் சாத்தானும் தராசில் ஆன்மாவை நிறுக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது கப்பல். பாய் விரித்து, பின்புறம் சுக்கானோடு, பக்கத்தில் துடுப்புக்கான துளைகள் வரிசையாக. அந்தக் காலத்தில் இந்தத் தீவுகளில் சாலை ஏது? கப்பல் வைத்திருந்தவன்தான் ராஜா. வேட்டை, கோட்டை, கப்பல் என்று தன் செல்வாக்கையெல்லாம் செதுக்க வைத்துவிட்டு, பக்கத்திலேயே அந்தத் தராசையும் வைக்கச் சொல்லியிருக்கிறாரே, அந்த மனுஷனை எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான்.

1560-இல் ஸ்காட்லாந்து புராட்டஸ்டன்ட் மதத்துக்கு மாறியபோது எத்தனையோ தேவாலயங்களில் சிற்பங்களை உடைத்தார்கள். ராடலும் வழிபாடு நின்று பாழாகத்தான் கிடந்தது. ஆனால் மெக்லவுட்கள் தங்கள் ஆட்களை அங்கேயே புதைத்துக்கொண்டிருந்தார்கள். மாதா இன்னமும் சுவரில் இருக்கிறாள். ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் பாடிய மேரி மெக்லவுட் என்ற கவிஞரும் அங்கேதான் இருக்கிறார் என்பார்கள், அதுவும் முகத்தைக் குப்புறக் கிடத்திப் புதைத்தார்களாம்.

சரி, வழி. ஸ்கை தீவுக்குப் பாலம் இருக்கிறது, காரிலேயே போய்விடலாம். அங்கே யூயிக் துறையில் கப்பல் ஏறினால் ஹாரிஸின் டார்பர்ட்டுக்கு ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடும். அங்கிருந்து தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர், தீவின் கடைக்கோடி. கிளாஸ்கோவிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் எண்ணம் வேண்டவே வேண்டாம். காற்று பலத்தால் கப்பல் நின்றுவிடும், அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள். மகனுக்கு லீவு இல்லையென்றால் கிளாஸ்கோவிலிருந்து ஸ்டோர்னோவேக்கு விமானம் உண்டு. ஹாரிஸும் ஸ்டோர்னோவே இருக்கும் லூயிஸும் பெயரில்தான் இரண்டு, தீவு ஒன்றே. நடுவில் கடல் கிடையாது.

கேள்வி: அங்கே கோபுரத்தில் ஏற முடியுமா? எனக்கு முழங்கால் தகராறு.
– ஒரு வாசகர், மதுரை

பதில்: கோபுரம் ஒரு பாறை முண்டின் மேல் நிற்கிறது. அதனால் அதன் தரையே கோயில் தரையைவிட உயரம். உள்ளே மேலே போக ஏணி ஏற வேண்டும். முழங்காலை வைத்துக்கொண்டு வேண்டாம். வெளியே நின்று தெற்கு முகத்தை அண்ணாந்து பாருங்கள். வெட்கம் என்பதே அறியாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் உருவம் தெரியும். ஷீலா-நா-கிக் என்பார்கள். அயர்லாந்து, பிரிட்டன் தேவாலயங்களில் இப்படிப்பட்டவை உண்டு. ஏன் வைத்தார்கள் என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். பேரப்பிள்ளைகளோடு போனால் பதிலை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள். அப்புறம், 1907-இல் இந்தக் கோபுரத்தில் இடி விழுந்தது. பிறகு பழுது பார்த்தார்கள்.

கேள்வி: ஹாரிஸ் ட்வீட் என்று கோட்டில் போடுகிறார்களே, அது இந்த ஹாரிஸா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: இதே ஹாரிஸ்தான். கோயிலுக்கும் துணிக்கும் ஒரே புரவலர் என்றால் நம்புவீர்களா? தீவு டன்மோர் பிரபு குடும்பத்தின் கையில் இருந்தது. 1840-களில் கணவரான டன்மோர் பிரபுவை இழந்த கேத்தரின் சீமாட்டி, இங்கே கைத்தறியில் நெய்த கம்பளித் துணியைப் பணக்கார நண்பர்களிடம் கொண்டு சேர்த்தார். அதே சீமாட்டிதான் 1873-இல் ராடல் கோயிலைப் புதுப்பித்தார். இன்றைக்கு 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஹாரிஸ் அடங்கிய வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் தீவுவாசிகள் தங்கள் வீட்டில் நெய்தால்தான் அந்தப் பெயர். துணியின் உள்பக்கத்தில், உருண்டையும் அதன் மேலே சிலுவையுமாக முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வாங்குவதானால் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அங்கே ஞாயிறு ஓய்வுநாள். பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.