வீல் ஸ்பேசர் போட்டால் கார் ஓட்டம் மாறுமா?

நான்கு சக்கரத்துக்கும் 15 மில்லிமீட்டர் ஸ்பேசர் (சக்கரத்துக்கும் அது பூட்டப்படும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் உலோக வட்டு) போட்டால் கார் வளைவில் இன்னும் நிலையாக ஓடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். இடது வலது சக்கரங்களின் இடைவெளி 30 மில்லிமீட்டர் கூடும். அந்த இடைவெளி 1,500 மில்லிமீட்டர் என்றால், கூடுவது வெறும் 2 சதவீதம். அழகுக்காக என்றால் சரி.

தொல்லை முன்சக்கரத்தில்தான். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ, அதிலிருந்து டயர் வெளியே தள்ளிப்போவதால், ஒரு பக்கச் சக்கரம் மழைத்தண்ணீரில் இறங்கினாலே ஸ்டியரிங் கையை இழுக்கும். பேரிங்குக்கும் சுமை கூடும்.

போட்டே தீருவேன் என்றால், ஹப்பில் கச்சிதமாக உட்காரும் ஸ்பேசரும் அதற்கேற்ற நீளமான போல்ட்டும் வாங்குங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்) போல்ட்டின் இறுக்கத்தை மறுபடி பாருங்கள். அப்புறம், டயர் மட்கார்டைத் தாண்டி நீட்டக்கூடாது. சிங்கப்பூரின் காக்கி புக்கிட் பட்டறையில் காசு கொடுக்குமுன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பார்த்துவிடுங்கள்.